இரண்டாவது பெட்டி

பீடோர் டவுனில் ஆ கியோங் கடை.
கண்ணாடிக்குள் இரண்டு மடிக்கணினிகள்.
ஒன்று மெலிசு, சாம்பல் நிறம்,
பாலிடெக்னிக் பாடத்துக்குத் தாராளம்,
இரண்டாயிரத்து நூறு வெள்ளி.
மற்றது ஆயிரம் கூட.
விசைகளுக்கடியில் சிவப்பு வெளிச்சம்;
அதைப் பார்க்காததுபோல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிக்கத்தானே, இது போதும்மா."
குரல் எனக்கே ஒப்பவில்லை.

கையுறைத் தொழிற்சாலையில்
பெட்டியைத் தூக்கியே எடை சொல்பவள் அம்மா.
கைக்கொன்றாய் இரண்டையும் ஏந்தினாள்.
பிறகு மலாயில் கேட்டாள்:
"எதுல கேம் ஓடும்? அந்தக் கார் ஓட்டுறது?"

எனக்குக் காது சூடானது.
இரவு வேலை முடிந்து ஆறரைக்கு வருகிறவள்
போர்வைக்குள் எரிந்த கைப்பேசியை
எத்தனை விடியல் தாண்டிப் போயிருக்கிறாள்?

"சிவப்புல ஓடும், ஆன்ட்டி. ரொம்ப ஏத்தினா சூடாகும்."
"ஆகட்டும். ஃபேன் இருக்குல்ல?"

வித்தியாசம் எட்டு ஞாயிறு ஓவர்டைம்.
விரல் மடக்கி எண்ணிவிட்டு
பன்னிரண்டு தவணைக்குக் கையெழுத்திட்டாள்.

தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்
செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது.
பெட்டி என் மடியில்.
சார்ஜர் மட்டும் தனி, செங்கல் கனம்.
அதை அவள் வைத்துக்கொண்டு
தூங்கிப்போனாள்.