தையல் பிழை

படிவத்தில் ஏழாவது கேள்வி:
குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி?
பிறந்து பதினெட்டு நாள்.
இன்னும் பெயர் எழுதாதவளின் இடது கையில்
சுண்டுவிரலை ஒட்டி
அவரை விதை அளவில் ஒன்று கூடுதல்.
நகம்கூட இருக்கிறது.
நூல் கட்டினால் தானே உதிரும் என்கிறார் டாக்டர்.

'இல்லைன்னு போடு' என்றார் அப்பா,
செய்தித்தாளை இறக்காமல்.
அவ்வளவு வேகமாக அவர்
எதற்கும் பதில் சொன்னதில்லை.

ஜெசிந்தா அத்தைதான் போனில்,
குக்கர் சத்தத்துக்கு நடுவே:
அல்சூர்ல பட்டாளத்துப் பழைய பேண்டு ஹால்
இப்ப மியூசியமாம்,
உங்கப்பனோட தாத்தாவ மாட்டி வெச்சிருக்காங்க,
போய்ப் பாரு.
என்ன பார்க்க என்று கேட்பதற்குள்
நாலாவது விசில்.

செவ்வாய்க்கிழமை. டிக்கெட் இருபது ரூபாய்.
என்னைத் தவிர ஒரு மின்விசிறி.
மூன்றாம் சுவரில்
பேண்டு மாஸ்டர் சி. சாவரி.
ஞானஸ்நான ஏட்டில் சின்னசவரி;
வெள்ளைக்காரன் வாயில் பாதி உதிர்ந்து
மீதி பித்தளைத் தகட்டில்.

மீசை சரி. அப்பாவின் விறைத்த காதுகள், சரி.
வலது கையில் கோல்.
இடது கையைத்
தொப்பிக்குப் பின்னால் வைத்துவிட்டார் ஓவியர்.
தொப்பியின் ஒவ்வொரு நூலும் தெரிகிறது.

திரும்பியிருப்பேன்.
படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில்
பழுப்பேறிய வெள்ளைக் கையுறைகள், ஒரு ஜோடி.
சீட்டில் தட்டச்சு:
வலது, நல்ல நிலை.
இடது, தையல் பிழை.

ஆறு.
மறுபடி எண்ணினேன்.
ஆறாவதற்குத் தனியாக மடிப்பு வைத்து
உள்ளே புரட்டித் தைத்து,
முனையில் துணி தேய்ந்திருக்கிறது,
போட்டுப் போட்டுத் தேய்ந்த தேய்வு.

பிழை செய்ய எவன் இவ்வளவு மெனக்கெடுவான்?
பிளாக்பள்ளிச் சந்தில் யாரோ ஒருவன்
அந்தக் கையைப் பிடித்து, நாடா வைத்து,
சிரிக்காமல் அளந்திருக்கிறான்.
பரேடு மைதானமே பார்க்க
அது மேலே எழுந்திருக்கிறது, ஞாயிறு தோறும்,
முரசுகள் அதற்காகக் காத்திருந்திருக்கின்றன.

கண்ணாடியில் என் கையும் விழுந்தது.
சுண்டுவிரல் அடியில் வெளிறிய புள்ளி:
மரு எடுத்த இடம் என்று
முப்பத்துநாலு வருடம் நான் நம்பியது.

'முட்டபேடி சார்' என்றார் காவலர் ருத்ரேஷ்.
தொடவில்லை நான்.
அவரிடமே பேனா வாங்கி
ஏழாவது கேள்விக்கு
'ஆம்' என்று எழுதினேன்.
எத்தனை பேர் என்பதற்கு
ஒரு கட்டம் காலியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது
அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்,
நேற்றைய பேப்பர்.
வலது கையில் காபி.
இடது கை
தாளுக்குப் பின்னால்.