ஒருக்களித்து

காரைக்குடி, ஐப்பசி, இரவுப் பணி.
மூன்றாம் படுக்கை: மிதுனா, பதினொரு மாதம், ஏழு கிலோ.
வந்தபோது விலா எலும்புகளுக்கு நடுவே
தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.
நாசி விரிந்தது. அழவில்லை.
அழாத குழந்தைக்குத்தான் நாங்கள் ஓடுவோம்.

முதலில் மூக்கில் குழாய், தண்ணீர்ப் போத்தலில் குமிழ்.
அந்தக் களகளப்பை நம்பி ஒரு மணி நேரம் இருந்தோம்.
பிறகு அவள் களைத்துப்போனாள்.
டாக்டர் நூர்ஜகான் தொண்டைக்குள் குழாயை இறக்க
என் கடிகாரத்தில் இருபது நொடி.
அதில் நான் மூச்சு விட்டேனா, தெரியாது.

"நெறையக் காத்து குடுத்தா சீக்கிரம் தேறிருவாளாக்கா?"
முத்துராக்கு கேட்டாள்.
இல்லை. நாற்பது மில்லி. மூன்று பாலாடை.
மேலே திணித்தால் நுரையீரல் கிழியும்.
பால் புகட்டிய கைக்கு அது விளங்கியது.
விளங்காதது திரையில் இருந்த ஆறு.
மூச்சு வெளியே வந்த பிறகும்
ஏன் கொஞ்சம் காற்றை உள்ளேயே நிறுத்துகிறோம்?
வகுப்பில் படித்ததைச் சொன்னேன். எனக்கே ஒட்டவில்லை.

அவள் பள்ளத்தூரில்
ஆளில்லாத வீடொன்றைக் கூட்டிப் பெருக்குகிறவள்.
முப்பத்தெட்டுக் கதவு. முதலாளி மலேசியாவில்.
"அடைமழையில முழுசாச் சாத்துனா கதவு உப்பிக்கிரும்.
அப்பறம் தொறக்க ரெண்டு ஆளு தள்ளணும்,
தள்ளுனா கீல் போயிரும்.
நான் துணியச் சுருட்டி வச்சு
ஒருக்களிச்சுத்தான் விடுவேன்."

அதேதான், என்றேன்.

இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
இயந்திரத்தின் பேட்டரி பழசு, அலறிவிட்டு அடங்கியது.
பையை எடுத்தேன். கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும்,
முழுக் கை கூடாது.
அமுக்கு, விடு, விடு.
அமுக்கு, விடு, விடு.
ஜெனரேட்டர் பிடிக்க நான்கு நிமிடம்.
நூற்றிருபது மூச்சு,
ஒன்றுகூட என்னுடையதில்லை, அவளுடையதுமில்லை.

நான்காம் நாள் விடியலில்
திரையின் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம்.
இயந்திரம் தள்ளுமுன் அவளே இழுத்திருக்கிறாள்.
டாக்டரைக் கூப்பிடாமல்
இன்னும் மூன்று பள்ளம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்மீது தப்புதான்.

ஆறு ஐந்தானது. ஐந்திலேயே ஒரு பகல் முழுக்க இருந்தோம்.

குழாயை எடுத்ததும் வந்த அழுகையில்
பாதி சத்தம், பாதி வெறும் காற்று.
"தொண்டை போயிருச்சா?"
வரும், ரெண்டு நாளில் ஊரைக் கூட்டுவாள்.

முத்துராக்கு சிரிக்கவில்லை.
பிள்ளையின் நெஞ்சில் ஒரு கை,
மறு கை இடுப்புச் சாவிக்கொத்தில்.
"அஞ்சு நாளா மழக்கா,
ஒரு கதவையும் பாக்கல."