இரண்டாவதுக்கு முன் ஒரு நொடி

மூன்றாவது நாளாக மழை.
கம்பாடோஸில் மழையை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
கடன் வாங்கிய கேரேஜில்
நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது கார்.
தொண்ணூற்றொன்றாம் வருடத்துப் பெஜோ. சிவப்பு.
வெயில் பட்ட பக்கம் மட்டும் செங்கல்.

முதலில் பழைய எண்ணெயை இறக்கினோம்.
திருகு கழன்றதும் அவசரமில்லாமல் வந்தது,
கறுத்து, கயிறாக, பேசினுக்குள்.
டார்ச் அடித்தால்
உள்ளே மினுக்மினுக்கென்று தங்கப்பொடி.
"இதோ உன் இரண்டாவது கியர்"
என்றான் ப்ரெய்ஷோ.

பித்தளை.
பதினோரு வருடமாக நான் அரைத்தது.
இந்தக் காரைக் கரைத்துக் குடித்தவள் என்று
சிப்பி ஆலையில் பீற்றிக்கொள்வேன்.
கரைந்தது உண்மைதான்.

பதிலுக்கு வாங்கியதும் புதிதல்ல.
லலினில், மாட்டுத் தொழுவத்தின் கடைசி அறையில்
டெல்மீரோ வைத்திருந்தார்.
ராலியில் காரை மூன்று முறை உருட்டியவர்.
மிச்சத்தைத் துண்டுதுண்டாக விற்கிறார்,
கதவு ஒருவருக்கு, இருக்கை ஒருவருக்கு.
அறுநூறு யூரோ என்றார்.
பேரம் பேசினேன். ஐம்பது குறைத்தார்.
பிறகு என்ன தோன்றியதோ
ஒரு டஜன் முட்டையும் தந்தார்.
"மூன்றாவதில் கொஞ்சம் முனகும்.
அதைச் சரிசெய்யப் போகாதே."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மாடு ஒன்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளட்ச் மட்டும்தான் பெட்டி பிரிக்காத புதுசு.
தட்டை நடுமையத்தில் நிறுத்த
அதற்கென்று ஒரு கருவி உண்டாம்.
எங்களிடம் இருந்தது துடைப்பக் கட்டை.
டேப் சுற்றி, உள்ளே விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்து,
இன்னொரு சுற்று டேப்,
மறுபடி ஒற்றைக் கண்.

தூக்கி மாட்ட நான்தான் கீழே படுத்தேன்.
ப்ரெய்ஷோவின் தோள் போன மாதம் இறங்கிவிட்டது,
வீரத்தில் அல்ல, சோபா நகர்த்தியதில்.
முப்பது கிலோவுக்கு மேல் இரும்பும் அலுமினியமும்
என் நெஞ்சின் மேல்.
சிமெண்டுத் தரையின் ஈரம் முதுகில்.
தண்டின் பற்கள் தட்டின் பற்களைத் தேடின.
இல்லை.
கொஞ்சம் திருப்பு. இல்லை.
இடது பக்கம். உன் இடது இல்லை, என் இடது.
கெட்ட வார்த்தைகள் தீர்ந்து
இருவரும் பேசாமலிருந்த ஒரு கணத்தில்
நான் மூச்சை விட்டேன்.
நெஞ்சு இறங்கியது, அதோடு பெட்டியும் ஒரு மயிரிழை இறங்கியது,
க்ளக்.
உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது,
என்னவோ எங்களுக்காகக் காத்திருந்தது போல.

ஞாயிறு காலை வெளியே எடுத்தோம்.
புதுக் கிளட்ச் கல்லாக இருக்கிறது.
கடிக்கிறதா, விடுகிறதா, நடுவில் பேச்சே இல்லை.
ரொட்டிக் கடை முன்னால் மூன்று தடவை அணைந்தது வண்டி.
மூன்றாவது தடவை
பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
முழங்கால் நடுங்கியது, கோபத்தில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஊர் தாண்டி ஷியாப்ரே மலை ஏற்றம்.
யூகலிப்டஸ் பட்டைகள் சாலையில் உரிந்து கிடக்கின்றன.
முதல் கொண்டை ஊசி வளைவில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறேன்.
கை நடுவில் நிற்கிறது.

பழைய பெட்டிக்கு அங்கே ஒரு நொடி கொடுக்க வேண்டும்.
கொடுக்காவிட்டால் கத்தும்.
இதற்கு எதுவும் வேண்டாம்.
உள்ளே எல்லாம் தயாராக, கதவைத் திறந்து வைத்திருக்கிறது.
நான்தான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

"தள்ளு, போகும்" என்கிறான் ப்ரெய்ஷோ.
தெரியும். போகிறது, வெண்ணெயில் கத்தி மாதிரி.
அடுத்த வளைவிலும் கை நின்றது.
அதற்கடுத்ததிலும்.

பழைய பெட்டியை எடை போட்டுக் கொடுத்தாயிற்று.
பதினொரு யூரோவோ பன்னிரண்டோ.

உச்சிக்கு முன்னால் நேர்ச்சாலை, மூன்றாவது.
மெல்லிய குரல் ஒன்று எழுந்தது,
அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவது போல.
"ரேடியோவை அணை, எஞ்சினைக் கேட்கணும்" என்றான்.
எடை குறைக்க ரேடியோவைக் கழற்றி
நான்கு வருடம் ஆகிறது.
நான் சொல்லவில்லை.
நான்காவதுக்கும் மாற்றவில்லை.