பீர்க்கு விதைப் பொட்டலம்

மாசி பதினெட்டு. பள்ளத்தூரில் பனி இன்னும் மிச்சம்.
விடிகாலைக் குழாயடியில் கை விறைக்கிறது,
மேசையில் அதைவிட.

பதினோரு நாளாக நாச்சியப்பன்
தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனில் நிற்கிறான்.
ரயில் வந்துவிட்டது.
ஏற்றி அனுப்புவதா, திருப்பிவிடுவதா,
எனக்கே தெரியவில்லை.

தெரியாத நாட்களில் தோட்டத்துக்கு யோகம்.
செம்பருத்தியில் மாவுப்பூச்சி;
வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்து
இலைக்கு அடியில் அடிக்கிறேன்.
மேலே அடித்தால் அதற்குச் சிரிப்பு.

வேம்பு ஒரேயடியாய் உதிர்க்கிறது.
கூட்ட வந்த அடைக்கலம் கேட்டாள்:
"உங்க ஆளு போயிட்டானா?"
"இல்ல, நிக்கிறான்."
"பனியில நிக்க வைக்காதீங்க, சளி பிடிக்கும்."

பீர்க்கு விதைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
போன வருஷம் நான் அடித்துப்போட்ட
பக்கத்தில் மடித்தது.
அதில் அவனுக்கு மீசை இருந்தது.
கண்டனூரில் ஒரு தங்கை இருந்தாள்,
சாலாச்சி, கோபக்காரி.
மறந்தே போயிருந்தேன் அவளை.
ஈரவிரல் பட்டு அவள் பேச்சில் பாதி
நீலமாய் ஓடிவிட்டது.
மிஞ்சியது இவ்வளவுதான்:
'வந்தா சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு.'

செம்மண்ணைக் கிளறி ஏழு விதை,
ஒரு விரற்கணு ஆழத்தில்.
கைகூடக் கழுவாமல் உள்ளே வந்து
டிக்கெட் கவுண்டரை மூடினேன்.

அங்கிருந்து கண்டனூர் எத்தனை மைலோ,
பஸ் உண்டோ இல்லையோ,
பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
தாளில் மண் ஒட்ட ஒட்ட
நடக்கிறான்.

வெளியே அடைக்கலம் இன்னும் கூட்டுகிறாள்,
கூட்டிய இடத்திலேயே
உதிர்கிறது.