என் எல்லைக்கு உட்பட்டவை

துண்டறிக்கையில் மூன்று வரிக்குத்தான் இடம் என்றான்
அச்சகத்துப் பொடியன்.
பேருந்து. வடிகால். நூலகம்.
மேலே படத்தில் நான் சிரிக்கிறேன்,
பல்லுப் பிடுங்க முறை வந்தவளைப் போல.

ஒக்டோபர் கடைசி. ஏழு மணிக்கு நல்ல இருட்டு.
மார்க்கம் வீதிக்குக் கிழக்கே நூற்றிப்பதினெட்டுக் கதவுகள்,
திறந்தவை நாற்பத்தொன்று.
ஒன்றில் நாய் மட்டும் வந்து
முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றது.

"அம்மாவைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டு நாலு வருஷம்,
நீங்கள் வென்றால் ஒரு சொல்லுச் சொல்லுவீங்களோ?"
அது ஒட்டாவா, அக்கா.
"குடும்ப டொக்டர் இளைப்பாறியிட்டார். புது ஆளே இல்லை."
அது மாகாணம், அண்ணா.
"வீட்டுக் கடன் வட்டி?"
அது ஒட்டாவாவில்
இன்னொரு கட்டடம்.

"அப்ப உங்களால என்னதான் ஏலும்?"

கேட்டவர் கதவைச் சாத்தவில்லை.
ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் வெறும் மேசு,
இரவு வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும்
நின்றார்.

எனக்கு மேலே இரண்டு அரசாங்கம் இருக்கிறது.
போரும் வரவும் எல்லையும் கொடியும் அவர்களுக்கு.
எனக்கு விட்டது
நிலத்திலிருந்து முழங்கால் உயரம்.

ஸ்னோ வண்டி உங்கள் வாசலில் தள்ளிவிட்டுப் போகும் வரம்பு,
அதை வெட்ட வரும் இரண்டாம் வண்டி,
நீங்கள் சவளால் கொத்தி முடித்து
வேலைக்குப் போன பிறகு அது வருகிற நேரம்.
மேப்பிள் சருகு அடைத்த வடிகால் வாய்.
அந்த ஜூலை மழையில்
கீழ்வீட்டு ஆட்களின் அரிசி மூட்டை
மிதந்து போய்ப் படியில் முட்டியதே, அது என்னுடையது.
ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் நூலகம்,
அதன் வெளிச்சுவரில் சாய்ந்தபடி
இலவச இணையத்தில் வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளை.
குப்பை. எலி. நடைபாதையில் கிளம்பி நிற்கும் கல்.

"வரி கூடுமோ?"
கூடும் என்றேன்.
அபிராஜ் என் காலை மிதித்தான்.
கொஞ்சம்தான் கூடும், ஆனால் கூடும்.
கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றிருந்தால்
வடிகால் தன்பாட்டில் தன்னைத் தோண்டிக்கொள்ளாது.
அவர் சிரித்தார். வாக்குத் தருவதாகச் சொல்லவில்லை.

மூலை வீட்டில் ராம்கிசூன், கயானாக்காரர்,
என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகியிருந்தார்: சு-கந்-தினி.
ஒரு கொப்பி கொண்டுவந்தார்.
நகரசபைக்குப் போன் எடுத்த நாள், நேரம், தந்த இலக்கம்,
பதினான்கு இலக்கங்கள், எல்லாம்
ஒரே தெருவிளக்குக்கு.
பேருந்துத் தரிப்பிடத்தில் அணைந்த விளக்கு.
எதிர்வீட்டு மரிசெல் ஹோட்டல் வேலை முடிந்து
நள்ளிரவு கழிந்து அங்கேதான் இறங்குகிறாள்,
சாவிக்கொத்தை விரல் இடுக்கில் பிடித்தபடி.

மூன்று வரிக்குள் அது இல்லை.
விளக்கு என்று ஒரு தலைப்பும் நாங்கள் யோசிக்கவில்லை.
பேருந்து என்று எழுதினோம்,
பேருந்து போன பிறகு வரும் இரண்டு நிமிடத்தை
எழுதவில்லை.

அபிராஜைக் காரில் அனுப்பிவிட்டு
கம்பத்தின் கீழே போய் நின்றேன்.
போன் எடுத்தேன். பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்டேன்.
"கவுன்சிலர் அலுவலகமா?"
இல்லை.
"அப்போ யார் பேசுகிறீர்கள்?"
இங்கே குடியிருப்பவள்.
பதினைந்தாவது இலக்கம் தந்தார்கள்.
துண்டறிக்கையின் பின்பக்கத்தில்
போன் வெளிச்சத்தில் எழுதினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பேருந்து வந்தது.
கை காட்டினேன்.
சாரதிக்கு
நான் நின்றது தெரியவில்லை.