எட்டு மில்லிமீட்டர்

பூம்பாறையில் பூண்டு தரம் பிரிக்கும் கொட்டகையில்
எனக்குப் பெயர் திமிர்க்காரி.
மோவாயைத் தூக்கினால்தான்
எதிரில் நிற்பவர் முகம் தெரியும்.
கண் இரண்டும் பிறந்த அன்றே
தரை பார்த்துப் பூட்டிக்கொண்டவை,
பாதி இறக்கிய கடை ஷட்டர் போல இமைகள்.
பெண் பார்க்க வந்த கவுஞ்சிக்காரர்கள்
பஜ்ஜியைக் கடித்த குறையில் வைத்துவிட்டுச் சொன்னார்கள்:
குனிந்த தலை நிமிராத பெண்ணாகத்
தேடுகிறோம்.

அப்பாவுக்கும் இதே கண்.
குதிரையில் மூட்டை ஏற்றிப் படிவயலில் இறங்கும்போது
இந்தக் கண் ஒரு சௌகரியம் என்பார்,
கால் வைக்கிற இடம் தானே தெரியும்.

மதுரையில் டாக்டர் மெஹருன்னிஸா
மருந்துச் சீட்டின் முதுகில் ஓர் உருண்டை வரைந்தார்.
“இது தசையில்லை வேலம்மா, நார்.
இழுத்தால் நீளாது.
அவிழ்த்துப் பின்னால் தள்ளித் தைக்கலாம்,
எட்டு மில்லிமீட்டர்.
அப்புறம் தொடையிலிருந்து ஒரு நாடா எடுத்து
இமையை நெற்றியோடு கட்டித் தூக்கலாம்.
கண் நேராக நிற்கும். ஆனால் நகராது.
பக்கத்தில் பார்க்க
அப்போதும் கழுத்துதான் திரும்பணும்.”
இவ்வளவு யோக்கியமாக
யாரும் என்னிடம் பேசியதில்லை.

எட்டு மில்லிமீட்டர்ப் பல்
எங்கள் சல்லடையில் நிற்காது,
கழிவோடு விழுந்துவிடும்.

கட்டுப் பிரித்த காலை
நேரே பாருங்க என்றாள் நர்ஸ்.
மோவாய் தானாக எழும்பியது.
மின்விசிறி தெரிந்தது, அதன் மூன்று இறக்கையிலும் ஒட்டடை.
கழுத்துக்கு யாரும் ஆபரேஷன் செய்யவில்லையே.

இரவில் இமை முழுக்க மூடுவதில்லை.
களிம்பு தடவிவிட்டு
விடிவிளக்கைப் பார்த்துக்கொண்டே தூங்கப் பழகினேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் பஸ்ஸில்
பக்கத்து சீட்டு அம்மாள்
போனில் யாரிடமோ சொன்னாள்,
“நல்ல அடக்கமான பொண்ணு,
ஏறுனதுலருந்து தலையைத் தூக்கலை.”
தூக்கினேன்.
இந்தத் தடவை எதையும் பார்ப்பதற்காக அல்ல.

கொடைக்கானலில் வண்டி மாறி
ஊரில் இறங்கும்போது இருட்டிவிட்டது.
படி எங்கே என்று தெரியவில்லை.
இருபத்தேழு வயதில் முதல் தடவையாகக்
குனிந்து பார்த்தேன் என் காலை.

கீழே குதிரையோடு அப்பா.
இறங்குகிற முகங்களில்
தூக்கிய மோவாய் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.
என்னைத் தாண்டிப் போனது அவர் பார்வை,
எனக்குப் பின்னால் கோழிக்கூடையோடு வந்தவரையும் தாண்டி.

அப்பா, என்றேன்.
இன்னும் கொஞ்சம் தூக்கினார் மோவாயை.