சேதாரம்

தடைக்காலம் தொடங்கிப் பதினோராம் நாள்.
மண்டபத்து வடகடல் துறையில்
படகுகள் கரையேறிச் சாய்ந்து கிடக்க
கெனிஸ்டன் சைக்கிள் கேரியரில்
காத்தாடியைக் கட்டிக்கொண்டு வந்தான்.
மூன்று இலை. ஒன்று பாறை தட்டி மடங்கியது.
"கன்மெட்டலுக்கா, பித்தளை விலை சொல்லிறாதீக."

தராசில் ஏற்றினேன்.
முள் பதினாலில் நடுங்கிப்
பதின்மூன்றே முக்காலுக்கு இறங்கி நின்றது.
வாங்கும்போது பதினாறு என்றான்.
இரண்டேகால் கிலோவைக்
கடல் சுரண்டி எடுத்திருக்கிறது,
நகைக்கடைக்காரன்போல,
ஆனால் ரசீது இல்லாமல்.

சேதாரம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

இந்தக் கடையில் உட்கார்ந்து ஒன்பது வருஷம்.
எந்தப் பித்தளையைப் பார்த்தாலும்
முன்னமே பார்த்த ஜாடை.
சத்தியம் பண்ண முடியாது,
மதுரைப் பட்டறையில் உருகியதற்கு முகம் கிடையாது.
குத்துவிளக்கின் தண்டோ,
தெருக்குழாய்த் திருகோ,
தீர்த்தம் கொண்டுபோக ராமேஸ்வரத்தில் வாங்கி
ரயில் கதவில் நசுங்கிய சொம்போ.
பூமி செம்பைப் பெற்றது ஒரே பிரசவத்தில்.
அதற்கப்புறம்
வேஷம் மாற்றி மாற்றி
அதுவேதான் வந்துபோகிறது.

இருளப்பன் மகன் பனங்காட்டுக்குப் பின்னால்
ஒயரைக் கொளுத்திக்
கருத்த கம்பியோடு வருவான்.
வாடை அடிக்கும் முன்னே புகை அவன் சட்டையில் வந்துவிடும்.
"கத்தியால சீவிக் கொண்டா,
கிலோவுக்கு இருபது கூடத் தர்றேன்."
"சீவ ஒரு நாளாகும்க்கா.
கொளுத்த ஒரு பீடி நேரம்."
இருபதை நாற்பதாக்கினேன்.
இரண்டு வாரம் சீவினான்.
பிறகு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டான்.

துத்தநாகக் கட்டி தெரியுமா உங்களுக்கு?
படகின் அடிவயிற்றில் பதிப்பார்கள்,
இரும்பைத் தின்ன வரும் உப்பு
முதலில் இதைத் தின்னட்டுமென்று.
செங்கலாய்ப் போனது
சப்பித் துப்பிய வெல்லக்கட்டியாய்த் திரும்பும்.
மிச்சத்துக்கு என்னிடம் விலை இருக்கிறது.
கரைந்ததற்கு?
வடகடலையும் தென்கடலையும் சேர்த்து
வேட்டியில் வடிகட்டினாலும்
ஓர் ஆணிக்குத் தேறாது.

காத்தாடிக்குப் பணம் எண்ணிக் கொடுத்தேன்.
போகாமல் நின்றான்.
"வத்தை ஒண்ணு கெடக்குக்கா. பைபர்.
அடி பொளந்துருச்சு. என்ன வெல?"

மர வள்ளமென்றால் சூளைக்காரன் எடுப்பான்.
இரும்பென்றால் நான்.
பைபரை உருக்கினால் உருகாது,
எரித்தால் தொண்டையில் முள்ளாய் நிற்கும்,
புதைத்தால் நம் பேரப்பிள்ளைகள்
தோண்டும்போது அப்படியே இருக்கும்,
பெயிண்டில் எழுதிய மாதா பெயரோடு.

விலை இல்லை என்று சொல்ல
வாய் வரவில்லை.
இந்த நாக்கு எல்லாவற்றுக்கும்
விலை சொல்லிப் பழகியது.

மறுநாள் திருப்புளியும் மண்ணெண்ணெயுமாய்
இருவரும் குனிந்தோம்.
பித்தளைத் திருகு, எவர்சில்வர் வளையம்,
துருவோடு ஒட்டிப்போன மரையாணி.
சாயங்காலத்துக்குள் இரண்டு கிலோ முந்நூறு.
வெற்று ஓட்டை நாலு பேர் தூக்கிவந்து
கடைக்குப் பின்னால் கவிழ்த்தார்கள்.
"கொஞ்ச நாளு கெடக்கட்டும்க்கா."
இப்போது அதனடியில்
ரெஜினாவின் ஆடு இரண்டு படுத்திருக்கின்றன.
ஒன்று சினை.

இரவு ஒன்பதுக்கு மதுரை லாரி கிளம்பியது.
சீட்டில் எடை எழுதி, கையெழுத்து வாங்கி,
குழாயடியில் கை கழுவினேன்.
விரலிடுக்கிலிருந்து செந்தண்ணீர் இறங்கி
மணலில் மறைந்தது.

அதற்கு எடை போடவில்லை.